சிபில் அடிபட்ட பிறகு

தொழில் நொடித்துப்போனவரைப் பற்றி எங்கள் ஊரில் பேச்சு வந்தால் இரண்டு தகவல்தான் வெளியே வரும். எவ்வளவு கடன், மஞ்சள் நோட்டீஸ் கொடுத்தாரா இல்லையா. அதன் பிறகு அந்த மனிதர் எப்படி மறுபடியும் ஒரு வண்டி வாங்கினார், பிள்ளையின் காலேஜ் ஃபீஸுக்கு யாரிடம் போய் நின்றார் என்பதை யாரும் கேட்பதில்லை. அவரும் சொல்வதில்லை.

நான் திருப்பூரில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் கணக்கு பார்க்கிறேன். ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட வருகிறவர்களில் பலர், வேலை முடிந்த பிறகு பையிலிருந்து ஒரு பேங்க் கடிதத்தை எடுத்து, குரலைத் தாழ்த்தி, "சார், இதைக் கொஞ்சம் பாருங்க" என்பார்கள். பெரும்பாலும் ஒரே சங்கதிதான். கடனை முடித்துவிட்டார், ஆனாலும் எங்கே போனாலும் "உங்களுக்கு சிபில் இல்லை" என்று திருப்பி அனுப்புகிறார்கள். அப்படி வந்தவர்களில் என் மனைவியின் தம்பியும் ஒருவர். அவரோடு சேர்ந்து அலைந்ததில் தெரிந்துகொண்டதை எழுதி வைத்தால் நாலு பேருக்கு உதவும் என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் மஞ்சள் நோட்டீஸ் சமாச்சாரத்தை முடித்துவிடலாம். மஞ்சள் நோட்டீஸ், அதாவது ஐ.பி. கொடுப்பது என்றால் நீதிமன்றத்தில் 'என்னால் கடனை அடைக்க முடியவில்லை' என்று மனு போடுவது. சென்னை மாநகருக்கு 1909-ஆம் ஆண்டுச் சட்டம், உயர் நீதிமன்றத்தில் மனு. மற்ற ஊர்களுக்கு 1920-ஆம் ஆண்டுச் சட்டம், அந்தந்த வட்டாரத்து நீதிமன்றத்தில் மனு. 2016-ல் வந்த திவால் சட்டத்தில் தனிநபர்களுக்கென்று ஒரு பகுதி எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் கம்பெனிக் கடனுக்குச் சொந்த ஜாமீன் கொடுத்தவர்களுக்கு மட்டும்தான் 2019 டிசம்பரிலிருந்து அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். உங்களையும் என்னையும் போன்றவர்களுக்கு இன்னும் அந்த நூற்றாண்டுப் பழைய சட்டங்கள்தான்.

அந்தச் சட்டத்தில் ஒரு விஷயத்தை வக்கீல்கள் சொல்லியும் மனுதாரர்கள் காதில் போட்டுக்கொள்வதில்லை. ஐ.பி. உத்தரவு வாங்கியதோடு கதை முடிவதில்லை. நீதிமன்றம் குறிக்கும் காலத்துக்குள் விடுவிப்புக் கேட்டு இன்னொரு மனு போட வேண்டும். போடாவிட்டால் முதல் உத்தரவே ரத்தாகிவிடலாம். விடுவிப்பு வாங்காத நிலையில், தான் திவாலானவர் என்பதைச் சொல்லாமல் யாரிடமாவது 50 ரூபாயோ அதற்கு மேலோ கடன் வாங்கினால் 1920 சட்டப்படி அது குற்றம். ஐம்பது ரூபாய்! சட்டம் எழுதிய காலத்து மதிப்பு அது, இன்னும் அப்படியே நிற்கிறது. ஆகவே ஐ.பி. கொடுத்தவர்கள் மறுபடி கடன் வாங்குவதைப் பற்றி யோசிக்கும் முன் வக்கீலிடம் போய் விடுவிப்பு உத்தரவு கையில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

ஆனால் என்னிடம் வருகிறவர்களில் கோர்ட்டுப் படி ஏறியவர்கள் மிகக் குறைவு. பெரும்பாலோர் பேங்கோடு பேசி 'செட்டில்மென்ட்' செய்தவர்கள். நம் நாட்டில் சாதாரண மனிதனின் திவால் இப்படித்தான் நடக்கிறது, நீதிபதி இல்லாமல், கலெக்‌ஷன் ஆளின் போனில்.

என் மச்சினன் பனியன் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் எடுத்துத் தைத்துக் கொடுத்தவர். சின்ன யூனிட். மிஷின் லோன் ஒன்று, பர்சனல் லோன் ஒன்று, கிரெடிட் கார்டு இரண்டு. 2020-ல் ஊரடங்கு வந்தது. மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிவைக்க ரிசர்வ் வங்கி அனுமதித்தது, இவரும் தள்ளி வைத்தார். அந்த மாதங்களின் வட்டியும் அசலோடு சேர்ந்துகொண்டது. கதவு திறந்தபோது தைக்க ஆள் இல்லை, பழைய பார்ட்டியிடமிருந்து வரவேண்டிய பணமும் வரவில்லை. ஒரு கார்டின் பாக்கியைக் கட்ட இன்னொரு கார்டில் எடுத்தார். அப்புறம் தண்டல். அதற்கு மேல் என்ன நடந்திருக்கும் என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மிஷின்களை விற்று அந்த லோனை அடைத்தார். அக்காவின் நகையை வைத்து ஒரு கார்டை முழுதாகக் கட்டினார். பர்சனல் லோனுக்கும் இன்னொரு கார்டுக்கும் செட்டில்மென்ட். கேட்ட தொகையில் பாதிக்குக் கொஞ்சம் மேலே கட்டினால் போதும், மீதி தள்ளுபடி என்று கடிதம் கொடுத்தார்கள். கட்டினார். வீட்டில் எல்லோரும் அன்றைக்குத்தான் நிம்மதியாகச் சாப்பிட்டார்கள்.

பிறகு ஒரு டூவீலர் லோன் கேட்டுப் போனபோதுதான் தெரிந்தது. "கணக்கு முடிஞ்சுதுன்னுதானுங்க மாமா லெட்டர் குடுத்தாங்க. இப்ப எதுக்கு இல்லைங்கறாங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவருக்குப் பதில் சொல்ல வேண்டிய பேங்க் அதைச் சொல்லவில்லை, கையெழுத்து வாங்கும்போதும் சொல்லவில்லை. எனக்கு அதில் இன்றைக்கும் கோபம் இருக்கிறது.

விஷயம் இதுதான். கடனை முழுதாக அடைத்தால் கடன் அறிக்கையில் 'குளோஸ்டு' என்று பதிவாகும். பேசித் தீர்த்தால் 'செட்டில்டு' என்று பதிவாகும். பேங்க் வராக்கடனாக ஒதுக்கிவிட்டால் 'ரிட்டன் ஆஃப்'. பின்னவை இரண்டையும் பார்க்கிற எந்தக் கடன் அதிகாரிக்கும், இந்த ஆளிடம் ஒரு பேங்குக்கு நஷ்டம் வந்திருக்கிறது என்பது ஒரே பார்வையில் தெரியும். உங்களைப் பொறுத்தவரை கணக்கு முடிந்துவிட்டது, அறிக்கையைப் பொறுத்தவரை அது வடு. இந்தத் தகவல்களைக் குறைந்தது 7 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம்.

சிபில் என்று நாம் பொதுவாகச் சொன்னாலும், இப்படிப் பதிவு வைத்திருக்கும் நிறுவனங்கள் நான்கு. ட்ரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க். எல்லாம் 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ரிசர்வ் வங்கியின் மேற்பார்வையில் இயங்குபவை. இவை நமக்குத் தரும் மதிப்பெண் 300-லிருந்து 900 வரை. 750-க்கு மேல் இருந்தால் பேங்குகள் முகம் கொடுத்துப் பேசும்.

எல்லோரும் அந்த எண்ணையே பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள். போனில் ஏதோ ஒரு ஆப், வாரம் ஒருமுறை எண்ணைப் பார்ப்பது, இரண்டு குறைந்தால் தூக்கம் போவது. நான் சொல்வது, எண்ணை விடுங்கள், அறிக்கையைப் படியுங்கள். எண் அந்த அறிக்கையிலிருந்துதான் வருகிறது. நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும் என்ற விதி 2017-லிருந்து இருக்கிறது. அந்தந்த நிறுவனத்தின் இணையதளத்தில் பான் எண்ணும் போன் நம்பரும் கொடுத்தால் வந்துவிடும். காசு கேட்கும் பக்கம் வந்தால் இலவச அறிக்கை எங்கே என்று தேடுங்கள், இருக்கும். நம் அறிக்கையை நாமே எடுத்துப் பார்ப்பதால் மதிப்பெண் குறையாது. இந்தப் பயத்தினாலேயே வருஷக்கணக்கில் பார்க்காமல் இருப்பவர்களைத் தெரியும்.

அறிக்கையை பிரின்ட் போட்டு, பேனாவோடு உட்காருங்கள். ஒவ்வொரு கடனுக்கும் மாதவாரியாக ஒரு கட்டம் இருக்கும், 36 மாதங்கள் வரை. அதில் 000 என்றால் சரியாகக் கட்டியிருக்கிறீர்கள். 030, 060, 090 என்றால் அத்தனை நாள் தாமதம். 90 நாளைத் தாண்டினால் வராக்கடன் வகைக்குப் போய்விடும். அதற்குக் கீழே நிலுவை, தவறிய தொகை, கணக்கின் நிலை. இந்த மூன்றையும் உங்கள் கையிலிருக்கும் கடிதங்களோடு ஒப்பிட வேண்டும்.

மச்சினனின் அறிக்கையில் நாங்கள் கண்டது என்ன தெரியுமா? அக்காவின் நகையை வைத்து முழுதாகக் கட்டிய கார்டு. அதில் இன்னும் பாக்கி இருப்பதாகவும், மாதாமாதம் தவறிக்கொண்டே வருவதாகவும் பதிவு. நாணயமாக அடைத்த ஒரே கார்டுதான் அவர் மதிப்பெண்ணை மாதாமாதம் கீழே இழுத்துக்கொண்டிருந்தது. என் மனைவி அந்தத் தாளைப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை.

இப்படித் தவறு இருந்தால் அந்தத் தகவல் நிறுவனத்தின் தளத்திலேயே புகார் கொடுக்கலாம். அவர்களாக எதையும் மாற்ற முடியாது, கடன் கொடுத்த பேங்கிடம் கேட்டுத்தான் திருத்துவார்கள். அதனால் பேங்குக்கும் ஒரே நாளில் எழுத்துமூலம் புகார் கொடுத்துவிடுங்கள், பணம் கட்டிய ரசீதோடும் நோ டியூ கடிதத்தோடும். பேங்க் 21 நாளுக்குள் சரியான தகவலை அனுப்ப வேண்டும், மொத்தம் 30 நாளுக்குள் புகார் தீர வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் உங்களுக்கு இழப்பீடு. 2024 ஏப்ரல் 26-லிருந்து நடப்பில் இருக்கும் ரிசர்வ் வங்கி விதி இது. புகாரில் இந்த விதியைக் குறிப்பிட்டு ஒரு வரி எழுதுங்கள். எங்கள் விஷயத்தில் அந்த ஒரு வரிக்குப் பிறகுதான் கிளையிலிருந்து போன் வந்தது.

அப்படியும் அசையவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். கடன் தகவல் நிறுவனங்கள் மீதான புகார்களையும் 2022 செப்டம்பரிலிருந்து அங்கே கொண்டுபோகலாம்.

தவறுகளைத் திருத்துவது ஒரு பாதி. சரியாகவே பதிவான 'செட்டில்டு' என்ன ஆவது?

இதற்கு ஒரு வழி உண்டு, கசப்பான வழி. தள்ளுபடி செய்த மீதித் தொகையையும் கட்டிவிடுவது. கட்டினால் முழுதாக அடைந்தது என்று நோ டியூ கடிதம் வாங்கி, பதிவை 'குளோஸ்டு' என்று மாற்றச் சொல்லலாம். "விட்டுக் குடுத்த காசை நாமளா போய் எதுக்குக் கட்டணும்?" என்று மச்சினன் முதலில் முறைத்தார். எல்லோரும் கட்ட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். சாப்பாட்டுக்கும் பிள்ளைகள் படிப்புக்கும் போக மிச்சம் இல்லாதவர், பேசாமல் புதிய கடன்களை ஒழுங்காகக் கட்டிக் காலத்தைக் கடத்தலாம். ஆனால் இரண்டு மூன்று வருஷத்தில் வீட்டு லோனோ தொழில் லோனோ எடுக்கப்போகிறவர் என்றால், செட்டில் செய்தவற்றில் சின்னதை முதலில் முடிப்பது நல்லது என்பது என் அபிப்பிராயம். ஒரு நிபந்தனை. பணம் கட்டும் முன், இன்ன தொகை கட்டினால் இன்ன மாதிரி பதிவு மாற்றப்படும் என்று பேங்க் எழுத்தில் தரவேண்டும். போனில் சொன்ன வார்த்தைக்குப் பணம் கட்டாதீர்கள். மச்சினன் கார்டின் மீதியை அப்படித்தான் கட்டி மாற்றினார். பர்சனல் லோனின் மீதி பெரிது, அதை விட்டுவிட்டார்.

இன்னொன்று, செட்டில்மென்ட் செய்துகொண்டவருக்கு அந்த பேங்க் மறுபடி கடன் கொடுப்பதற்குக் குறைந்தது 12 மாதம் இடைவெளி வேண்டும் என்று 2023 ஜூனில் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது, விவசாயக் கடன் தவிர்த்து. ஆகவே முடித்த கையோடு அதே கிளையில் போய் விண்ணப்பிப்பது வீண் அலைச்சல்.

அடுத்தது புதிதாக நல்ல பதிவு சேர்ப்பது. கடனே வேண்டாம் சாமி என்று ஒதுங்கியவர்களை நான் குறை சொல்லமாட்டேன், அந்த வேதனை எனக்குப் புரிகிறது. ஆனால் ஒதுங்கி இருந்தால் அறிக்கையில் பழைய கறை மட்டும் நிற்கும், பக்கத்தில் நல்லதாக ஒரு வரி சேராது. மேலே மண் போட்டுப் புது நாற்று நட்டால்தான் களர்நிலம் மாறும்.

அதற்கு ஏற்றவை இரண்டு. ஒன்று, ஃபிக்ஸட் டெபாசிட்டை ஈடாக வைத்து வாங்கும் கிரெடிட் கார்டு. பேங்குக்குப் பயம் இல்லாததால் மதிப்பெண் குறைவாக இருந்தாலும் கொடுப்பார்கள். லிமிட் 20,000 ரூபாய் என்றால் 6,000-க்கு மேல் தொடாதீர்கள், அதாவது முப்பது சதவீதம். மளிகை, பெட்ரோல், கரண்ட் பில், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பில் வந்தால் முழுத் தொகையும் கட்ட வேண்டும். குறைந்தபட்சத் தொகை என்று ஒரு எண்ணைப் போட்டிருப்பார்கள், அதை மட்டும் கட்டினால் மீதிக்கு மாதம் மூன்று சதவீதத்துக்கு மேல் வட்டி ஓடும். ஏற்கெனவே அடிபட்டவர் அந்தப் பள்ளத்தில் இன்னொரு முறை விழக்கூடாது.

இரண்டாவது நகைக்கடன். நம் ஊர்ப் பெண்கள் இதை எல்லோரையும்விட நன்றாக அறிவார்கள். ஆனால் தெருமுனை அடகுக் கடையில் வைத்துத் திருப்புவது எந்த அறிக்கையிலும் ஏறாது. பேங்கிலோ ரிசர்வ் வங்கியில் பதிவான நிதி நிறுவனத்திலோ வைத்தால்தான் ஏறும். சின்னத் தொகைக்கு வையுங்கள், மாதத் தவணையாகக் கட்டும் வகையைக் கேளுங்கள், நாள் தவறாமல் கட்டித் திருப்புங்கள். மகளிர் குழுக் கடனும் அப்படியே பதிவாகிறது, அதில் தவறாமல் கட்டிவரும் பெண்களுக்குத் தங்கள் பெயரில் ஒரு நல்ல வரலாறு சேர்ந்துகொண்டிருப்பது பல வீடுகளில் தெரியவே தெரியாது. வீட்டுக்காரரின் சிபில் அடிபட்ட குடும்பங்களில் அதுதான் கைகொடுத்ததைப் பார்த்திருக்கிறேன்.

தண்டல், வார வட்டி இவற்றை நாள் தவறாமல் கட்டியவர்கள் எத்தனையோ பேர். அந்த நாணயம் எந்த ஏட்டிலும் ஏறவில்லை. யோசித்தால் வயிறு எரிகிறது.

முன்பு பேங்குகள் மாதம் ஒருமுறைதான் தகவல் அனுப்பும். 2025 ஜனவரியில் அது பதினைந்து நாளைக்கு ஒருமுறை என்று ஆனது. நல்லதும் கெட்டதும் இப்போது சீக்கிரம் ஏறும். டியூ தேதிக்குச் சம்பளமோ பேமெண்ட்டோ வராது என்று தெரிந்தால் தேதியை மாற்றித்தரச் சொல்லிக் கேளுங்கள். பல இடங்களில் மாற்றித் தருகிறார்கள். கேட்கத்தான் நமக்குக் கூச்சம்.

ஒரு இடத்தில் இல்லை என்றால் உடனே ஐந்து இடத்தில் விண்ணப்பம் போடுவதையும் நிறுத்த வேண்டும். ஒவ்வொரு பேங்கும் உங்கள் அறிக்கையை எடுத்த விவரம் அதிலேயே பதிவாகும். அடுத்து பார்ப்பவருக்கு, இவர் பணத்துக்குத் தவிக்கிறார் என்று அது சொல்லும்.

அப்புறம், "சிபில் ஏத்தித் தர்றோம்" என்று வாட்ஸ்அப்பில் விளம்பரம் செய்பவர்கள். சரியாகப் பதிவான ஒரு தகவலை எந்த ஏஜென்ட்டாலும் அழிக்க முடியாது. தவறான தகவலைத் திருத்த எந்த ஏஜென்ட்டும் தேவையில்லை, மேலே சொன்னபடி நீங்களே இலவசமாகச் செய்யலாம். இவர்கள் ஆதார், பான், ஓடிபி எல்லாம் வாங்கிக்கொண்டு முன்பணமும் கேட்பார்கள். நொந்துபோனவர்களிடம் மிச்சமிருப்பதையும் பிடுங்கும் வேலை. தயவுசெய்து பக்கத்தில் போகாதீர்கள். யூடியூபில் அமெரிக்க வழிமுறைகளைத் தமிழில் சொல்பவர்களையும் அப்படியே நம்ப வேண்டாம். அங்கே திவால் என்பது கோர்ட்டில் நடப்பது, ஏழாம் அத்தியாயத் திவால் பத்து வருஷம் வரை அறிக்கையில் நிற்கும், சட்டமே வேறு.

ஜாமீன் கையெழுத்துப் போட்டவர்களைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதிவு நிறைவாகாது. நீங்கள் கடன் தவறினால் அது ஜாமீன்தாரரின் அறிக்கையிலும் ஏறும். மச்சினனின் பர்சனல் லோனுக்கு யாரும் ஜாமீன் இல்லை, தப்பித்தோம். ஆனால் என்னிடம் வரும் ஒரு பெரியவர், ரிட்டயர்டு வாத்தியார், தங்கை மகனுக்காகப் போட்ட ஒரு கையெழுத்தால் சொந்த மகளின் கல்யாணத்துக்கு லோன் கிடைக்காமல் நின்றார். தங்கை வீட்டோடு பேச்சுவார்த்தையும் நின்றுவிட்டது. பல கடன்களில் எதை முதலில் அடைப்பது என்று கேட்டால் நான் தயங்காமல் சொல்வது இதுதான். ஜாமீன்தாரர் உள்ள கடனை முதலில் அடையுங்கள், வட்டி குறைவாக இருந்தாலும் சரி. உங்கள் பெயரைப் பிறகு மீட்கலாம், உங்களை நம்பியவரின் பெயரை முதலில் மீட்டுக்கொடுங்கள்.

இந்த மதிப்பெண் விவகாரம் கடனோடு நிற்கவில்லை என்பதும் கவலையாக இருக்கிறது. கடன் வரலாறு சரியில்லை என்று ஒரு பொதுத்துறை வங்கி, தேர்வாகியிருந்த ஒருவரின் நியமனத்தை ரத்து செய்தது. 2025-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த ரத்து சரியே என்றது. பணத்தைக் கையாளும் வேலைக்கு நிதி ஒழுக்கம் தேவை என்பது வாதம். வாதம் புரிகிறது. ஆனால் வேலை கிடைத்தால்தானே கடனை அடைக்க முடியும் என்று கேட்கும் இளைஞனுக்கு நம்மிடம் என்ன பதில் இருக்கிறது? கேரள உயர் நீதிமன்றம் 2023-ல், மதிப்பெண் குறைவு என்பதற்காக மாணவனுக்குக் கல்விக் கடனை மறுக்கக் கூடாது என்றது. எனக்கு அந்தப் பார்வைதான் நியாயமாகத் தோன்றுகிறது. வங்கித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில், அவர்கள் பெயரில் கல்விக் கடன் தவறியிருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிடுங்கள்.

மச்சினன் இப்போது மறுபடி தைக்கிறார். மதிப்பெண் 700-ஐத் தாண்டியிருக்கிறது, 750 இன்னும் எட்டவில்லை. ஓவர்லாக் மிஷினுக்கு ஒரு சின்ன லோன் கிடைத்தது, மற்றவர்களைவிட வட்டி கொஞ்சம் அதிகம்தான். டியூ ஒன்றுகூடத் தவறவில்லை. அக்காவின் நகையும் திரும்பிவிட்டது.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ தொழில் நொடித்து, கடனைப் பேசித் தீர்த்து, அதன் பிறகு யாரிடமும் அதைப் பற்றிப் பேசாமல் இருக்கிற ஒருவர் நிச்சயம் இருப்பார். அவருக்குப் புத்தி சொல்ல வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்து, நான்கு நிறுவனங்களின் இலவச அறிக்கையையும் எடுத்து பிரின்ட் போட்டுக் கொடுங்கள். பழைய பேங்க் கடிதங்களை வைத்து ஒவ்வொரு வரியாக அவரோடு சேர்ந்து சரிபாருங்கள்.